கடலுக்கு அனுப்ப ஒரு ஆபீஸ்... கடல்ல இருந்து எடுக்க இன்னொரு ஆபீஸ்! (சென்னை நீர் மேலாண்மை குறித்த உரையின் எழுத்து வடிவம்)



2015 டிசம்பர்ல இந்த ஊர்ல தெருவுக்குள்ள படகு விட்டோம். 2019 ஜூலைல ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். நடுவுல முழுசா நாலு வருஷம்கூட இல்ல. வருஷத்துக்குச் சராசரியா 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யிற ஊர் இது. ஒரு பருவமழை பொய்த்தா ரயிலை எதிர்பார்த்து நிக்கிறோம்னா, கோளாறு வானத்துல இல்ல.

பொறுப்பைப் பிரிச்ச விதத்துல இருக்கு. ஏரியில நிக்கிற வரைக்கும் அது நீர்வளத்துறை தண்ணி. குழாய்ல வந்தா குடிநீர் வாரியத்தோடது. தெருவுல ஓடினா மாநகராட்சியோடது. ஏரியைச் சுத்தி உள்ள நிலத்துல என்ன வரலாம்னு திட்டம் போடுறது சிஎம்டிஏ. தண்ணிக்குத் தெரியுமா இந்த எல்லையெல்லாம்?

ஒவ்வொரு துறையும் தன் வேலையை ஒழுங்காவே செய்யுதுன்னு வெச்சுக்குவோம். மாநகராட்சி என்ஜினீயருக்கு இலக்கு என்ன? தெருவுல தண்ணி நிக்கக் கூடாது. அவர் வடிகால் கட்டி, கால்வாய்க்கு, ஆத்துக்கு, கடலுக்கு அனுப்புறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கொடுத்த வேலை அதுதான். அந்தப் பக்கம் குடிநீர் வாரியம் அதே கடல்ல இருந்து தண்ணி எடுத்து, கரண்ட் செலவு பண்ணி உப்பைப் பிரிக்குது. 2010ல மீஞ்சூர், 2013ல நெம்மேலி, 2024ல நெம்மேலியிலேயே தினம் 15 கோடி லிட்டருக்கு இன்னொரு ஆலை. ரெண்டு செலவும் நம்ம வரிப்பணம்தான்.

மாத்த முடியாத விஷயமா இது? 1978 சட்டத்துல குடிநீரையும் கழிவுநீரையும் ஒரே வாரியத்துக்கிட்ட கொடுத்தாங்க. அதனாலதான் 2019ல கோயம்பேடு, கொடுங்கையூர்ல தலா நாலரை கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிச்சு தொழிற்சாலைகளுக்கு அனுப்புற திட்டம் சாத்தியமாச்சு. ஆலைக்குப் போக வேண்டிய நல்ல தண்ணி வீட்டுக்கு மிச்சம். ரெண்டு கணக்கும் ஒரே மேஜையில இருந்தா இது நடக்கும். மழைநீரும் ஏரியும் மட்டும் அந்த மேஜைக்கு இன்னும் வரல.

நாம கேக்குறது இதுதான்: அடையாறு, கூவம், கொசஸ்தலை வடிநிலம் முழுமைக்கும் ஒரே நீர்க்கணக்கு. அதுக்குக் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேத்துக்க, சட்ட அதிகாரமும் நிதியும் உள்ள ஒரு அமைப்பு. இன்னொரு ஒருங்கிணைப்புக் குழு வேண்டாம். அது டீ, பிஸ்கட்டோட முடிஞ்சிடும். திருவள்ளூர், காஞ்சிபுரம் விவசாயிகளுக்கும் அதுல நாற்காலி போடணும். நம்ம டேங்கர் நிறையறது அவங்க கிணத்துலதானே?

அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குத் தவறாம போங்க. நம்ம வார்டு வடிகால் எங்க போய் முடியுது, அதுல எத்தனை இடத்துல தண்ணி நிலத்துக்குள்ள இறங்குதுன்னு கேளுங்க. பதிலை எழுத்துல வாங்குங்க. வாங்கினதை இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்க தோழர்களே, வார்டு எண்ணோட.