கண்ணுக்குப் புலப்படாத நீர்மாசு
(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



குடிதண்ணீரின் தீமை என்றால் காலராவும் சீதபேதியுமே நம் நினைவுக்கு வருவன. அவற்றுக்காகக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் இடுகிறோம். நீரைக் காய்ச்சிப் பருகுகிறோம். இவ்விரண்டும் கிருமிகளைக் கொல்லும். ஆனால், நாம் உண்ணும் மருந்தும் கால்நடைக்குக் கொடுக்கும் மருந்தும் நீரில் கலந்துவிட்டால், இவற்றை நம்பியிருக்க இயலாது. நீரின் நிறமோ மணமோ சுவையோ மாறாது. களப் பரிசோதனைப் பெட்டி புளோரைடு, நைட்ரேட், இரும்பு முதலியவற்றைக் காட்டும், மருந்தைக் காட்டாது.

‘அற்ப அளவுதானே’ எனச் சிலர் கேட்கலாம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 5 லட்சம் லிட்டர் நீரில் கரைந்தால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் ஆகிறது. அதாவது, 50,000 லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டிகள் பத்து! இந்நீரைக் குடித்தவர் உடனே நோயில் விழுவார் என்று நாம் கூறவில்லை. கவலை வேறு. கிருமிக்கொல்லி மருந்து சிறுகச் சிறுக நீரிலும் சேற்றிலும் தங்குமாயின், அதைத் தாங்கவல்ல கிருமிகளே பிழைத்துப் பெருகும். பிறகு நம் குழந்தைக்கு நோய் கண்டு, மருத்துவர் அதே மருந்தைக் கொடுத்தால் கேட்பதில்லை.

ஐதராபாத்துக்கு அருகிலுள்ள படான்செருவில் நிகழ்ந்ததை நாம் அறிதல் வேண்டும். ஏறத்தாழ 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவு நீர் அங்கே ஒரு நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டது. சுத்திகரித்து வெளிவிட்ட நீரை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். சிப்ரோபிளாக்சசின் என்னும் மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக 2007-இல் வெளியிட்டனர். அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். சுற்றியுள்ள சிற்றூர்க் கிணறுகளிலும் மருந்துகள் காணப்பட்டதாக 2009-இல் வெளியாயிற்று. கலந்தபின் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம் ஊரில் மருந்துத் தொழிற்சாலை இல்லை, மெய்தான். மாட்டுத் தொழுவமும் கோழிப்பண்ணையும் இருக்கின்றனவே! மடிநோய்க்கு ஊசி போட்ட பசுவின் சிறுநீரிலும் சாணத்திலும் பாலிலும் அம்மருந்து வெளியேறுகிறது. மருத்துவர் கறக்கச் சொல்லி விலக்கிய நாட்களின் பாலை வாய்க்காலில் கொட்டுவோர் உண்டு. (கூட்டுறவுச் சங்கத்துக்கே ஊற்றிவிடுவோரும் உண்டு; அஃது அதனினும் கேடு.) அதைக் கிணற்றுக்குத் தொலைவில் எருக்குழியில் விடுக. எருவை நன்றாக மக்கவிட்டால் அந்தச் சூட்டில் பல மருந்துகள் சிதையும், சில சிதையா. ஆகவே, மருந்தைக் குறைப்பதே முதல் வேலை. கால்நடை மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கிக் கொடுப்பதை நிறுத்துவோம். கோழித் தீவனத்தில் கலந்துவந்த கொலிஸ்டின் என்னும் மருந்தை, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்கலாகாதென மத்திய அரசு 2019-இல் தடை செய்தது.

ஆர்.ஓ. இயந்திரம் வாங்கலாமே என்பர். அது மருந்தில் பெரும்பகுதியைப் பிரிக்கும். பிரித்ததைக் கழிவு நீரோடு மறுபடி நம் மண்ணிலேயே விடும்.

காலாவதியான மாத்திரைகளைக் கிணற்றடியிலோ கழிப்பறையிலோ எறியாமல், பஞ்சாயத்து அலுவலகத்தில் பூட்டிய பெட்டி ஒன்று வைத்துச் சேர்க்கலாம். மார்ச் 22-ஆம் நாள் கிராம சபை கூடுவதற்கு முன், உறுப்பினர்கள் குடிநீர்க் கிணற்றிலிருந்து மேட்டுப்பக்கமாக ஒருமுறை நடந்து சென்று, வழியிலுள்ள எருக்குழி, பண்ணை, சாக்கடை யாவற்றையும் குறித்துவந்து சபையில் படிப்பார்களாக.