சோம்பேறி என்று சொன்னது யார்?
(பொன்விழாக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

இந்தச் சில நிமிடங்களில் ஓர் அறிஞரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அவர் நம் சங்கத்தவர் அல்லர், தமிழரும் அல்லர். ஆனாலும் நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவர். அவர்தான் பேராசிரியர் மர்ஹூம் சையது ஹுசைன் அல்அத்தாஸ்.

1928-இல் ஜாவாவின் போகோர் நகரில் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் 1963-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1967 முதல் 1988 வரை சிங்கப்பூரில் மலாய் ஆய்வுத் துறைக்குத் தலைவராக இருந்தார். பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 2007-இல் காலமானார். லஞ்ச ஊழலைச் சமூகவியல் கண்கொண்டு ஆராய்ந்து 1968-லேயே நூல் எழுதியவர் அவர்.

ஆனால் உலகம் அவரை நினைப்பது 1977-இல் வெளிவந்த இன்னொரு நூலுக்காக. 'சோம்பேறிச் சுதேசி எனும் கட்டுக்கதை' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். மலாய்க்காரர், ஜாவாக்காரர், பிலிப்பினோ ஆகிய மூவரையும் சோம்பேறிகள் என்று ஐரோப்பியர் எழுதி வைத்தார்களே, அது எங்கிருந்து வந்தது என்று அவர் தேடினார். 16-ஆம் நூற்றாண்டு முதல் 20-ஆம் நூற்றாண்டு வரையிலான எழுத்துகளைப் புரட்டினார்.

அவர் கண்ட விடை எளிமையானது. மலாய்க்காரர் நெல் விளைவித்தார், மீன் பிடித்தார், படகு கட்டினார். ஆனால் வெள்ளையர் முதலாளியாக இருந்த தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் கூலியாகப் போக மறுத்தார். தனக்காக உழைத்தவனைச் சோம்பேறி என்றார்கள். முதலாளிக்கு லாபம் தராத உழைப்பு உழைப்பாகவே கணக்கில் வரவில்லை.

இங்கேதான் நம் கதையும் வருகிறது. மலாய்க்காரர் மறுத்த வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். ரப்பர்த் தோட்டத்துத் தமிழனைப் பணிவானவன், சொன்னதைக் கேட்பவன் என்று புகழ்ந்தார்கள். குறைந்த கூலிக்குக் கிடைத்ததால் வந்த புகழ் அது. ஒருவருக்கு வசை, இன்னொருவருக்குப் பாராட்டு. இரண்டையும் எழுதிய பேனா ஒன்றே.

மறைக்க வேண்டாம். அந்த வார்த்தையை நாமும் எடுத்துக்கொண்டோம். கடைக் கல்லாவில் உட்கார்ந்து அண்டை வீட்டாரைப் பற்றி அப்படிப் பேசியிருக்கிறோம். ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு, வெளியே வந்தும் பேசியிருக்கிறோம். யார், எதற்காகச் சொன்ன சொல் அது என்று கேட்கத் தோன்றவில்லை.

அல்அத்தாஸ் வெள்ளையரை மட்டும் குறை சொல்லி நின்றுவிடவில்லை. 1971-இல் அம்னோ வெளியிட்ட 'ரெவொலுசி மெண்டல்' நூல், மலாய்க்காரரைப் பற்றி அதே பழைய பிம்பத்தைத் திரும்பச் சொல்கிறது என்று துணிந்து எழுதினார். இந்த நிலைக்கு அவர் வைத்த பெயர் 'சிறைப்பட்ட மனம்'. வெளியிலிருந்து வந்த கருத்தை உரசிப் பார்க்காமல் அப்படியே ஒப்பிக்கும் மனம் அது. மேற்கிடம் கற்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. நம் கேள்விகளை நாமே கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

அந்தக் குரல் தூரம் போனது. எட்வர்ட் சயீத் தம் 1993-ஆம் ஆண்டு நூலில், வங்கத்து வரலாற்றாசிரியர் ரணஜித் குஹாவோடு சேர்த்து இவரையும் எடுத்துப் பேசினார். மகன் சையது ஃபரீத் அல்அத்தாஸ் சமூகவியல் பேராசிரியராகி இதே வழியில் எழுதி வருகிறார்.

இப்போது எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கல்வி உதவித்தொகை நேர்காணலுக்கு ஒரு மாணவி வந்தார். சமூகவியல் படிக்க ஆசை என்றார். “அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?” என்று உடன்வந்த தந்தை கேட்டார். நாங்களும் தந்தை பக்கமே நின்றோம். கணக்கியலுக்கு மாறினால் உதவி உறுதி என்றோம். பிள்ளை மாறிக்கொண்டார், இன்று நல்ல வேலையில் இருக்கிறார். குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்தப் பொன்விழா மலருக்காக நம் 50 ஆண்டு வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது, அதை முறையாக எழுதத் தெரிந்தவர் நம்மில் ஒருவரும் இல்லை. அன்று அந்தப் பிள்ளையின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

நாம் எழுதாவிட்டால் நம்மைப் பற்றியும் பிறர்தான் எழுதுவார்கள். ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். சமூகவியலோ வரலாறோ படிக்க விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்; இனி நாங்களும் தடுக்க மாட்டோம். வீட்டில் இருக்கும் பழைய பற்றுவரவுக் கணக்கு, ஊர்க் கடிதம், கப்பல் டிக்கெட் எதையும் குப்பையில் போடாதீர்கள். சங்க அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள். பெயர் எழுதிப் பத்திரமாக வைப்போம்.