நெல் நட்ட நிலத்தில் கல் நட்டார்!

(பரவையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



பரவை என்ற சொல்லுக்குக் கடல் என்று பொருளுண்டு. வைகையின் வடகரையிலே, கடலுக்கு நெடுந்தொலைவிலே, ஓர் ஊருக்குக் கடலின் பெயர்! கண்மாய் நிறைந்து கலுங்கு பாயும் நாளில் கரைமீது நின்று பார்த்த சிறுவனாகிய எனக்கு, அந்தப் பெயர் பொருத்தமாகவே பட்டது.

மடை திறந்தது, வயல் நனைந்தது, வரிசை வரிசையாகக் குனிந்து நாற்று நட்டனர் நம் தாய்மார். களைப்புத் தெரியாதிருக்கப் பாடினர். அந்த நாட்டுப்புறப் பாட்டு மரபில் வந்த பரவை முனியம்மா, 2003-ல் ‘தூள்’ திரைப்படத்தின் வாயிலாகத் தமிழகமெங்கும் ஒலித்தார். 2020-ல் மறையும் வரை தம் பெயருக்கு முன்னே ஊரின் பெயரைச் சுமந்தார். இன்று அப்பெயர் இருக்கிறது. அந்த வயல்கள் எங்கே?

பழைய சிற்றூரைப் பொற்காலமென்று பாட நான் வரவில்லை, தோழர்களே! ஊர் ஒருபுறம், சேரி ஒருபுறம். தேநீர்க் கடையிலே குவளைகூட இரண்டு என்று வைத்திருந்த சிற்றூர்கள் தமிழகத்தில் எத்தனை எத்தனை! அங்கே தோளில் துண்டு போட அஞ்சியவன், மதுரைப் பேருந்திலே எவன் பக்கத்திலும் அமர்ந்தான். அந்த நகரத்தை நாம் வெறுப்பதா? 1961-ல் தமிழகத்தில் நூற்றுக்கு 27 பேர் நகரவாசிகள். 2011-ல் 48 பேர். கல்வியும் தொழிலும் தேடி நடந்த நடை அது! தடுக்கவும் இயலாது, தடுக்கவும் கூடாது. நாம் கேட்பதெல்லாம் ஒன்றே: வளர்ச்சிக்கு விலை கொடுத்தவன் யார்? விலை பெற்றவன் யார்?

என் குற்றத்தையே முதலில் கூறிவிடுகிறேன். எங்கள் குடும்பத்துக்கு நாற்பது செண்டு நன்செய் இருந்தது. கடன் கழுத்தை நெரித்தது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு நான் வீடு திரும்பியிருந்தேன். தரகர் வந்தார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் என் தந்தை கைநாட்டு வைக்க, சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். அடுத்த திங்களே வரப்பை உடைத்தார்கள்; வாய்க்காலைத் தூர்த்தார்கள்; நெல் நட்ட நிலத்தில் கல் நட்டார்கள்; அதற்கு ‘நகர்’ என்று பெயரும் சூட்டினார்கள்!

அந்த வயலிலே நாற்பதாண்டு நடவு நட்ட மூதாட்டி ஒருவர், தெருவில் என்னை நிறுத்தினார். “ஏப்பா, நெலத்துக்கு வெல குடுத்தாக, ஒங்களுக்குக் கெடச்சுச்சு. நாப்பது வருசமா நாத்து நட்டேனே, இந்தக் கைக்கு என்ன வெல?” என்றார்.

மேடைக்கு மேடை வாதாடும் நான், அன்று வாயடைத்து நின்றேன். உடைமையாளனுக்குப் பணம், தரகனுக்குத் தரகு, வாங்கியவனுக்கு வீடு, அரசுக்கு முத்திரைத் தீர்வை. உழைத்தவளுக்கு? பத்திரத்தில் அவள் பெயரில்லை. ஆகவே கணக்கிலும் அவள் இல்லை!

நூறு நாள் வேலைக்காவது போயிருக்கலாம் என்பீர்கள். 2005-ல் சட்டமான அத்திட்டம் ஊரகத்துக்கு என்றே வகுக்கப்பட்டது. பரவையோ பேரூராட்சி! வயல் போனது, அந்த வேலையும் இல்லாமற்போனது. 2025 தொடக்கத்தில், ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் அறிவிப்பு கேட்டுச் சிற்றூர் மக்கள் பலர் கொதித்தெழுந்தார்களே, ஏன்? ஊராட்சி போனால் இந்த வேலையும் போகும் என்ற அச்சம் அதில் பெரும்பங்கு.

இன்னொரு வேடிக்கை! 2011-ல் மதுரை மாநகராட்சி நூறு வார்டுகளாக விரிந்தபோது, பக்கத்து விளாங்குடி உள்ளே, பரவை வெளியே. 2020 சூன் 24-ல் பெருந்தொற்றுக்காக முழு ஊரடங்கு வந்தபோது மட்டும், மாநகரோடு பரவையும் உள்ளே! நோய்க்கு நாம் நகரம். நலத்துக்கு நாம் புறநகரம்!

தண்ணீரின் கதையையும் கேளுங்கள். புறநானூற்றிலே குடபுலவியனார், பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுரை கூறுகிறார்: நீரையும் நிலத்தையும் சேர்த்து வைப்பவரே உடலையும் உயிரையும் படைத்தவர், ஆகவே பள்ளம் கண்ட இடத்தில் நீரைத் தேக்கு என்று. அந்தப் பாண்டியனின் மதுரையிலே நாம் செய்தது என்ன? மாநகராட்சி மாளிகை நிற்பது தல்லாகுளம் கண்மாயில்! 2004-ல் உயர்நீதிமன்றக் கிளை எழுந்தது உலகநேரிக் கண்மாயில்! நீர் நின்ற இடத்தில் நீதியே நின்றால், நிலத்தரகன் எதற்கு அஞ்சுவான்? 2024 அக்டோபர் 25-ல் கொட்டிய மழையில் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததே! வழியை மறித்துக்கொண்ட நம்மிடம், தண்ணீர் வழி கேட்டு வந்தது.

ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் சட்டம் பிறந்தது. சட்டம் ஏட்டிலே உறங்கும். எழுப்ப வேண்டியவர்கள் நாம். ஆகவே தோழர்களே, கைதட்டிவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கிளையும் தன் ஊரின் கிராம வரைபடத்தைப் பெறட்டும். வரத்துக்கால் எந்தப் புல எண்ணில் ஓடியது, மடை எங்கே, கலுங்கு எங்கே என்று நடந்து பார்த்துக் குறித்து வையுங்கள். பெரியவர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் நினைவில் ஓடும் வாய்க்கால், அவர்களோடு மறைந்துவிடக் கூடாது. மற்றொரு பட்டியலும் எழுதுங்கள்: வயல் மனையானதால் வேலை இழந்தவர் பெயர்ப் பட்டியல்! நகர்ப்புறத்திலும் வேலைக்கு உறுதி, அவர்களுக்கு முதலிடம் என்று ஆள்வோரிடம் கேட்போம். ஆள்வது யாராயினும் கேட்போம். நம்மவராயின் உரிமையோடு உரக்கக் கேட்போம்!

நகரம் வரட்டும், நீர்வழியை விட்டு வரட்டும்! மாளிகை எழட்டும், மண்ணில் உழைத்தவளுக்கும் பங்கு தந்து எழட்டும்! அந்த மூதாட்டி கேட்ட கேள்விக்கு நான் இன்னும் விடை தரவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இந்தக் கை, அவர் பெயரைப் பட்டியலின் முதல் வரியில் எழுதியிருக்கிறது. இரண்டாம் வரியை நீங்கள் எழுதுங்கள்!