குடலுக்கும் ஒரு கணக்குப்பிள்ளை
(மறைமலைநகரில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம், எல்லாருக்கும் புரியற மாதிரி" என்று செயலாளர் உத்தரவு. சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவன் குடலைப் பற்றிப் பேசுவதுதான் நியாயம். வேதாசலம் என்ற தம் பெயரையே தமிழாக்கிக்கொண்ட மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய ஊரில் நின்று 'அமினோ அமிலம்', 'லூசின்' என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறுகுடலின் உட்சுவர் வெல்வெட் துணி மாதிரி. அதில் நீட்டிக்கொண்டிருப்பவை குடலுறிஞ்சிகள். அவற்றின் மேலுள்ள செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து, அடியிலுள்ள குழிகளிலிருந்து புதியவை ஏறி வரும். போன ஞாயிறு பிரியாணி சாப்பிட்ட குடல் வேறு, இன்றைக்குச் சாப்பிடப்போகிற குடல் வேறு!

இந்தக் கட்டட வேலைக்குச் செங்கல் அமினோ அமிலங்கள். நாம் படித்த காலத்தில் பாடம் இதோடு முடிந்தது. செங்கலே மேஸ்திரிக்குத் தகவலும் சொல்கிறது என்பது பிறகு தெரிந்த சேதி.

அது தெரிந்த கதை வேடிக்கையானது. 1964-ல் ஒரு கனடியக் குழு ஈஸ்டர் தீவிலிருந்து மண் எடுத்து வந்தது. மாண்ட்ரியாலில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த நம் நாட்டுக்காரர் சுரேந்திரநாத் சேகல், அந்த மண்ணின் நுண்ணுயிரிலிருந்து ராப்பாமைசினைப் பிரித்தெடுத்தார். 1980-களில் அந்த ஆய்வுக்கூடம் மூடப்பட்டபோது, வீட்டு ஃப்ரீஸரில் அதை வைத்துக் காப்பாற்றினார். 1999-ல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு அது மருந்தாயிற்று. செல்லுக்குள் அது போய்ப் பிடிக்கும் புரதத்துக்கு எம்டார் என்று பெயர். அதுதான் நான் சொல்லும் கணக்குப்பிள்ளை.

கையிருப்பு இருந்தால் 'வேலையை ஆரம்பி' என்பான், இல்லையென்றால் நிறுத்திவிடுவான். இருப்பை அவன் எப்படி அறிகிறான்? செஸ்ட்ரின்-2 என்று ஒரு புரதம் பிரேக் மாதிரி அழுத்திக்கொண்டிருக்கும். லூசின் வந்து ஒட்டினால் பிடியை விட்டுவிடும். ஆர்ஜினினுக்கு காஸ்டார்-1 என்று வேறொரு காவல்காரன். இரண்டும் 2016-ல் தெளிவானவை.

அப்படீன்னா நிறையச் சாப்பிட்டால் நல்லதா? அதுவும் இல்லை. 2012-ல் எலிகளுக்கு உணவைக் குறைத்துப் பார்த்தார்கள். குழியின் அடியிலிருக்கும் பனேத் செல்களில் எம்டார் அடங்கியது. பக்கத்திலிருந்த ஸ்டெம் செல்கள் பெருகின.

இப்போது நம் பக்கம் வருகிறேன். 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காடு கிராமங்களில் 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய் பரவியது. விடாத வயிற்றுப்போக்கு, உடல் உருகிப்போகும். வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் வி.ஐ.மாதனும் அதை ஆராய்ந்தார்கள். நோயில்லாத நம்மவர் குடலிலும் உறிஞ்சிகள் மேல்நாட்டாரைவிடத் தட்டையாக இருப்பதை வேலூர் ஆய்வுகள் காட்டின. அசுத்தமான தண்ணீரால் திரும்பத் திரும்பத் தாக்கப்படும் குடல் இப்படி ஆகும் என்று இன்று கருதுகிறார்கள். அந்தக் குடல் உள்ள குழந்தைக்குத் தட்டில் சோறு இருந்தும் உடம்பில் ஒட்டாது. 2009-ல் தொடங்கிய எட்டு நாட்டு ஆய்வில் வேலூரும் ஓர் இடம். குழந்தைகள் ஏன் வளர்த்தி குன்றுகிறார்கள் என்பதே கேள்வி.

2016-ல் ஆப்பிரிக்காவின் மலாவியில் ஒரு தடயம் கிடைத்தது. வளர்த்தி குன்றிய குழந்தைகளின் ரத்தத்தில், உடல் தானாகத் தயாரிக்க முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் குறைவு. கணக்குப்பிள்ளையே வேலையை நிறுத்தியிருப்பானோ என்று சந்தேகம். அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் அது உண்டு. வெறும் கஞ்சியில் வளரும் பிள்ளைக்கும் இட்லி சாம்பார் சாப்பிடும் பிள்ளைக்கும் வித்தியாசம் இங்கேதான்.

சரி, முட்டை கொடுத்தால்? ஈக்வடாரில் தினம் ஒரு முட்டை கொடுத்து நல்ல பலன் கண்டார்கள் (2017). மலாவியில் அதையே செய்தார்கள். உயரத்தில் பெரிய மாற்றம் இல்லை (2019). அங்கே குழந்தைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டது ஒரு காரணமாக இருக்கலாம். கெட்டுப்போன தண்ணீரைக் குடிக்கும் குடலுக்கு முட்டை மட்டும் போதாது என்பது என் கட்சி. நம் சத்துணவில் முட்டை வந்தது பெரிய காரியம். அந்தப் பள்ளிக்கூடத்துக் குழாய்த் தண்ணீரையும் யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும்.

பின் வரிசையில் ஒருவர் புரோட்டீன் பவுடர் டப்பாவைப் பற்றிக் கேட்கிறார். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். இல்லாதவர்களுக்கு முதலில் சுண்டல். அங்கே இலை போட ஆரம்பித்துவிட்டார்கள்.