நாம் இட்ட வாக்கு எங்கே போயிற்று?

(தாம்பரத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2024ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவு வந்த கிழமையில், தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தில் இருவர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். ஒருவர் சொன்னார்: “முப்பத்தொன்பதையும் புதுவையோடு சேர்த்து நாற்பதையும் கொடுத்தோம்; என்ன கண்டோம்?” மற்றவர் சொன்னார்: “ஒரு கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. இனி நாடு எங்கே உருப்படும்?” முன்னவர் சினம் எனக்கு விளங்கிற்று. பின்னவர் கவலைதான் என்னை இன்று இம்மேடைக்குக் கொண்டுவந்தது. அக்கவலை நம்முடையதா, தில்லியுடையதா என்று பார்க்க வேண்டும்.

செய்தித்தாளார் இதனைத் ‘தொங்கு பாராளுமன்றம்’ என்று எழுதுகின்றனர். ஆங்கிலத்தைக் கயிற்றில் மாட்டித் தமிழில் தொங்கவிட்டிருக்கின்றனர். ‘பெரும்பான்மை அமையாத அவை’ என்றால் யாருக்கு விளங்காது? அது நிற்க.

இதே ஏமாற்றத்தை நான் முதன்முதலில் கண்ணெதிரே கண்டது 1996க்கும் 1999க்கும் இடைப்பட்ட நான்காண்டுகளில். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. தேர்தல் என்றால் ஆசிரியனுக்கு வாக்குச்சாவடிப் பணி தப்பாது. 1996 கோடையில் சட்டமன்றத்திற்கும் மக்களவைக்கும் ஒருங்கே வாக்களிப்பு. விரலில் மையிடும் வேலை எனக்கு. 1998 பிப்பிரவரியில், பொதுத்தேர்வு நெருங்கிய வேளையில், மீண்டும் அழைப்பு. 1999 செபுதம்பரில் மூன்றாம் முறை. அம்முறை தாம்பரத்தை அடுத்த ஒரு பள்ளியில் மூதாட்டி ஒருவர் விரலை நீட்டாமல் என் முகத்தையே பார்த்தார். “ஏம்பா வாத்தியாரே, போன தடவை வச்ச மையே இன்னும் காயல. அதுக்குள்ள மறுபடியுமா? நாங்க போட்டதெல்லாம் எங்க போச்சு?” என்றார். வரிசையில் நின்றோர் சிரித்தனர். எனக்கு விடை தெரியவில்லை. அவ்வினாவிற்கு விடை தேடித்தான் இத்தனை ஆண்டுகளாகப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்பொழுது தாம்பரம் தென்சென்னை மக்களவைத் தொகுதியில் இருந்தது. 2009 தேர்தல் முதல்தான் திருப்பெரும்புதூரோடு இணைந்தது. அம்மூன்று தேர்தல்களிலும் தென்சென்னையில் வென்றவர் ஒருவரே, தி.மு.க.வின் த.ஈரா.பாலு. சின்னமும் ஒன்றே. ஆயின் தில்லியில் அவர் அமர்ந்த பக்கம் மூன்று வகை. 1996இல் ஐக்கிய முன்னணி ஆட்சியில் இணையமைச்சர். 1998இல் எதிரணி வரிசை. 1999இல் பாரதிய சனதா தலைமையிலான ஆட்சியில் அமைச்சர். அவரைக் குறை கூற இதனைச் சொல்லவில்லை. கட்சி முடிவெடுத்தது, அவர் அமர்ந்தார். நான் கேட்பது வேறு. நம் விரலில் ஒரே மை. நம் வாக்கு மூன்று இடத்திற்குப் போனதே, நம்மிடம் யாரேனும் ஒரு சொல் கேட்டனரா?

தில்லியில் நடந்ததைச் சுருங்கச் சொல்கிறேன். 1996 மே 16இல் பொறுப்பேற்ற வாசுபாய் அரசு 13 நாளில் முடிந்தது. பின் தேவகவுடா வந்தார். தமிழ்நாட்டில் பேராயக் கட்சியை வீழ்த்தித்தான் தி.மு.க.வும் தமிழ் மாநிலக் காங்கிரசும் 37 இடங்களைப் பெற்றன. ஆனால் தில்லியில் அவை சேர்ந்த ஆட்சி அதே பேராயக் கட்சி வெளியிலிருந்து கொடுத்த ஊன்றுகோலில் நின்றது! 1997 மார்ச்சில் அது கோலை உருவியது, குசுரால் வந்தார். அவ்வாண்டு நவம்பரில், செயின் ஆணைய இடைக்கால அறிக்கையைக் காட்டித் தி.மு.க. அமைச்சர்களை நீக்கு என்றது. குசுரால் மறுத்தார், ஆட்சி கவிழ்ந்தது. மறுத்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

1998இல் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 30 அ.தி.மு.க. அணிக்குச் சென்றன, அ.தி.மு.க.வுக்கு மட்டும் 18. அந்த 18 இல்லையேல் வாசுபாய் ஆட்சி இல்லை. பதின்மூன்று திங்கள் கழித்து, 1999 ஏப்பிரல் 17இல், ஆட்சிக்குச் சார்பாக 269, எதிராக 270. ஒரே வாக்கு! மூதாட்டி என்னிடம் கேட்ட வினாவிற்கு இதுதான் விடையின் முதற்பாதி.

இதைக் கண்டுதான் மக்கள் சலித்துப்போய், “யாருக்கேனும் முழுப் பெரும்பான்மை கொடுத்துத் தொலைத்தால் நன்று” என்கின்றனர். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். உலகில் இது புதுமையன்று. தென்மார்க்கில் நூறாண்டுக்கும் மேலாக எந்தக் கட்சியும் தனிப் பெரும்பான்மை பெற்றதில்லை, அந்நாடு கெட்டுப்போகவில்லை. கனடாவில் 1963 முதல் 1968 வரை ஆண்ட பியர்சன், பெரும்பான்மை இல்லாமலேதான் நாட்டுக்குப் புதுக் கொடியும் மக்கள் மருத்துவக் காப்பும் தந்தார்.

அயல்நாடு இருக்கட்டும். நம் வரலாற்றைப் பாருங்கள். 1969இல் பேராயக் கட்சி பிளந்து இந்திரா காந்தி பெரும்பான்மை இழந்தார். தி.மு.க.வின் 25 உறுப்பினரும் பொதுவுடைமைக் கட்சியினரும் தாங்கினர். அக்காலத்தில்தான், 1970இல், சேலம் உருக்காலை அறிவிக்கப்பட்டது. 1971இல் அவரே 352 இடங்களோடு வந்தார். அதன்பின்? 1974 ஏப்பிரலில் நம் சட்டமன்றம் தன்னாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. தில்லி திரும்பியும் பார்க்கவில்லை. அதே ஆண்டு சூனில் கச்சத்தீவு போயிற்று. 1975இல் நெருக்கடி நிலை. 1976 சனவரி 31இல் தமிழ்நாட்டு ஆட்சியே கலைக்கப்பட்டது. 1980இல் மீண்டும் பெரும்பான்மை; பிப்பிரவரியில் ம.கோ.இரா. ஆட்சி கலைக்கப்பட்டது. வலிமையான தில்லி யார் தலையில் வலிமையைக் காட்டிற்று என்பது தெரிகிறதா?

இன்னொன்றும் பாருங்கள். 1989இல் வி.பி.சிங்கு பெரும்பான்மை இல்லாமல் ஆட்சி அமைத்தார். வியப்பு என்னவெனில், அத்தேர்தலில் தமிழ்நாடு அவர் அணியைப் பெரும்பாலும் தோற்கடித்திருந்தது, தி.மு.க.வுக்கு மக்களவையில் ஓர் இடமும் இல்லை. எனினும் அவ்வாட்சியில்தான் 1990 மார்ச்சில் இந்தியப் படை ஈழத்தினின்று முற்றும் திரும்பியது; சூன் 2இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது; ஆகத்து 7இல் மண்டல் குழுப் பரிந்துரை ஏற்கப்பட்டது. பதினோரு திங்களே இருந்த ஆட்சி!

அப்படியானால் வலிமையற்ற தில்லியே நமக்கு நல்லது என்று முடித்துவிடலாமா? முடியாது. நேர்மையாகப் பேச வேண்டுமெனில் 1991ஐ மறைக்கக் கூடாது. சந்திரசேகர் ஏறத்தாழ அறுபது உறுப்பினரை வைத்துக்கொண்டு தலைமையமைச்சரானவர். அவர் அரசைவிட வலிமை குன்றிய அரசு தில்லியில் இருந்ததில்லை. அவ்வரசுதான் 1991 சனவரி 30இல் தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைத்தது. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார்; அறிக்கை இல்லாமலே கலைத்தனர். ஏன்? கடிவாளம் இராசீவ் காந்தி கையில். அவர் அணியில் இருந்த அ.தி.மு.க. வேண்டியது அக்கலைப்பை. வலிமையற்ற அரசு எல்லார்க்கும் பணிவதில்லை. கடிவாளம் பிடித்தவர்க்குப் பணியும், பிடிக்காதவர் மேல் பாயும்.

ஆகவே பெரும்பான்மை இருந்ததா இல்லையா என்பதைவிட, இல்லாத வேளையில் கடிவாளம் யார் கையில் இருந்தது, அவர் என்ன கேட்டார் என்பதே நாம் ஆராய வேண்டுவது.

1998இல் அக்கடிவாளம் தமிழர் கையில் இருந்தது. பதினெட்டு உறுப்பினர்! இந்தியை இந்தியாவின் தலைமேல் வைத்திருக்கும் சட்டப்பிரிவைத் திருத்தச் சொல்லியிருக்கலாம். உயர் அறமன்றத்தில் தமிழைக் கேட்டிருக்கலாம். ஆட்சிக் கலைப்புக்கு இடந்தரும் 356ஆம் பிரிவை நீக்கச் சொல்லியிருக்கலாம். கேட்டது என்ன? அந்தப் பிரிவையே பயன்படுத்தித் தமிழ்நாட்டு ஆட்சியைக் கலை என்பது! வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தால், தம்பியைத் தெருவில் தள்ளு என்று கேட்கும் அண்ணனை எங்கே கண்டிருக்கிறீர்கள்?

மற்றவர் மட்டும் சிறந்தாரா? 2004இல் நாற்பதும் ஓரணிக்கே கிடைத்தன. அவ்வாண்டு அக்தோபரில் தமிழ் செம்மொழி என அறிவிக்கப்பட்டது. பெரும்பான்மையில்லாத ஆட்சியிடம் கேட்டுப் பெற்றது அது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று. அதன் பெயரால் எழுந்த நிறுவனத்தை இன்று நம் பெரும்பாக்கத்தில் பார்க்கலாம். ஆனால் 2008ஐ நினைத்தால் நெஞ்சு எரிகிறது. சூலையில் இடதுசாரிகள் விலகியபின் அவ்வரசு ஒவ்வோர் உறுப்பினரையும் எண்ணிக்கொண்டிருந்தது. அக்தோபரில் சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம், இரண்டு கிழமைக்குள் ஈழத்தில் போர் நிற்காவிடின் தமிழ்நாட்டு உறுப்பினர் பதவி விலகுவர் என்றது. விலகல் மடல்கள் தலைவர் கையில் கொடுக்கப்பட்டன. அவை தில்லி அவைத் தலைவரைச் சேரவே இல்லை. 2009 மேயில் முள்ளிவாய்க்கால் முடிந்தது. விலகியிருந்தால் போர் நின்றிருக்குமா என்று கேட்பீர்கள். நின்றிருக்கும் என்று நான் அறுதியிட்டுச் சொல்லேன். இழுத்துப் பாராத கடிவாளத்தின் வலிமையை யார் அறிவார்?

இப்பொழுது நாற்பதைப் பற்றிய அந்த முதல் நண்பர் சினத்திற்கு வருகிறேன். 2024இல் பாரதிய சனதா 240, வேண்டியது 272. தெலுங்கு தேசம் 16ஐயும் ஐக்கிய சனதா தளம் 12ஐயும் வைத்துக்கொண்டு தாங்கின. அவ்வாண்டு சூலை 23இல் வந்த வரவுசெலவுத் திட்டத்தில் ஆந்திரத் தலைநகருக்கு உருபா 15,000 கோடி. பீகார் வெள்ளத் தடுப்புக்கு 11,500 கோடி. நாற்பது கொடுத்த நமக்கு உரையில் பெயர்கூட இல்லை. நம் உறுப்பினர் எதிரணியில் இருந்தனர், கடிவாளம் அவர் கையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதே ஆண்டுக்குரிய பள்ளிக் கல்வித் தொகை உருபா 2,152 கோடியை, தில்லியின் கல்விக் கொள்கைப் பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்று நிறுத்தினரே, அதனையும் வெறும் எண்ணிக்கைக் கணக்கு என்று விட்டுவிட முடியுமா? நான் பள்ளியில் நிற்பவன். இந்தி வேண்டா என்பதற்கு ஒரு குழந்தையின் கல்வித் தொகையைப் பிணையாகப் பிடிக்கலாம் என்று எண்ணும் துணிவு, எண்ணிக்கையால் மட்டும் வருவதன்று. தமிழ்நாட்டார் கணக்குக் கேட்கமாட்டார் என்ற நம்பிக்கையாலும் வருவது.

கணக்கு என்றதும் நம் செங்கற்பட்டைக் கடந்தால் வரும் உத்திரமேரூர் நினைவுக்கு வருகிறது. பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் காட்டிக் குடவோலை முறை என்று மார்தட்டுகிறோம். அது நிலமும் வீடும் வேதப் படிப்பும் உடைய பார்ப்பனர் ஊரவை. பெண்டிர்க்கும் உழுதார்க்கும் அதில் இடமில்லை. அதனைப் பொற்காலம் என்று பாட நான் வரவில்லை. ஆனால் அக்கல்வெட்டில் ஒரு விதி உண்டு: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் ஓலைக்கே உரியரல்லர். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் கேட்ட அக்கணக்கை நாம் கேட்பதில்லை. வேட்பாளர் வருகிறார், குடிநீர் கேட்கிறோம், சாலை கேட்கிறோம். அவை ஊராட்சி மன்றத்தையும் மாநகராட்சியையும் கேட்க வேண்டியவை. தில்லிக்குப் போகிறவரிடம் தில்லியைப் பற்றி நாம் கேட்டதே இல்லை.

அதற்காகவே நம் தோழர்கள் ஒரு தாள் அச்சிட்டிருக்கின்றனர். மூன்று வினாக்கள்தாம். தில்லியில் எவர்க்கும் பெரும்பான்மை அமையாவிடின் உம் கட்சி யாரைத் தாங்கும்? தாங்குவதற்குத் தமிழுக்கும் தமிழ்நாட்டுக்கும் முதலில் எதைக் கேட்கும்? அது கிடைக்காவிடில் எந்நாளில் வெளியேறும்? மக்களவைக்கு யார் வாக்குக் கேட்டு வந்தாலும், எக்கட்சியாயினும், இதனை நீட்டுங்கள், கையெழுத்து வாங்குங்கள். சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் கொடுக்க ஆளிருக்கிறது. குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் இன்னும் ஆள் வேண்டும். தாள்கள் வாயிலருகே மேசையில் உள்ளன.