நீங்கள் ஓட்டும் பாதை, நாங்கள் நடக்கும் ரோட்டு

(கொழும்பு கொட்டாஞ்சேனையில், வார இறுதிச் சைக்கிள் குழுக்களின் இளைஞர்களும், தோட்டங்களிலிருந்து வந்து தலைநகரில் வேலை செய்யும் நம் பிள்ளைகளும் கூடிய ஞாயிறு கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் நம் சங்கத்தின் அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை. தோட்டங்களில் உள்ளவர்களும் வாசிக்க வேண்டியது என்பதால் இங்கே வெளியிடுகிறோம்.)



வெள்ளவத்தையிலிருந்து வந்திருக்கும் தம்பிமார் வாசலில் நிறுத்தியிருக்கிற சைக்கிள்களைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். தடித்த டயர், டிஸ்க் பிரேக், கல்லில் ஏறினாலும் கை வலிக்காத முன்பக்கம். நல்ல சைக்கிள்கள். விடியற்காலையில் மெரைன் டிரைவில் ஓடிப் பழகுகிறீர்கள். வார இறுதியில் ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் அப்புத்தளைக்கும் வந்து தேயிலை மலைகளுக்குள் ஓட்டுகிறீர்கள். கொட்டாஞ்சேனைக் கடைகளில் வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரும் உங்களோடு சேர்ந்து வழி காட்டுகிறார்களாம். காட்டாமல் என்ன? அது அவர்கள் பாடசாலைக்கு நடந்த வழிதானே.

நான் குறை சொல்ல வரவில்லை. ஒரு சம்பவத்தைச் சொல்லி, ஒரு உதவி கேட்க வந்திருக்கிறேன்.

சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை. முதல் நாள் இரவு முழுக்க மழை. எங்கள் தோட்டத்தின் மேற்கணக்கிலிருந்து ஏழெட்டுப் பேர் சைக்கிளில் இறங்கி வந்தார்கள். ஒரு வளைவில் மதகின் ஓரம் மழையில் இடிந்து போயிருந்தது. அதைக் கவனிக்காமல் முன்னால் வந்த தம்பி தூக்கி எறியப்பட்டார். கை முறிந்துவிட்டது. பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். "அசையாதீங்க தம்பி" என்று சொல்லி ஒரு அக்கா தன் இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்தார். இரண்டு கம்பில் கம்பளியைக் கட்டி ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்கினார்கள். அந்த ரோட்டுக்கு ஆட்டோ வராது. பெரிய ரோட்டுக்குப் போக ஒன்றரை மைல்.

போகிற வழியில் அந்தத் தம்பி வலியோடு கேட்டார்: "அக்கா, இப்படித் தூக்கிப் பழக்கமா உங்களுக்கு?"

அக்கா சொன்னார்: "போன மாசம் எங்க மருமகளையும் இப்படித்தான் தூக்கிட்டுப் போனோம் தம்பி. புள்ள பாதி வழியிலயே பொறந்திருச்சு."

தாயும் பிள்ளையும் நலம். அந்தத் தம்பியும் நலம். அவர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். என்னைப் பேசக் கூப்பிட்டவரும் அவர்தான். "சேர், நான் அந்த ரோட்டுல ஒரு நாள்தான் விழுந்தேன். அவங்க தினமும் நடக்கிறாங்க. இதைப் பற்றி எங்க ஆட்களுக்குச் சொல்லுங்க" என்றார். அதைத்தான் சொல்கிறேன்.

தோழர்களே, இந்த ரோட்டுகள் எப்படி வந்தன? மலையைச் சுற்றிச் சுற்றி, ஏற்றம் கடுமையாகத் தெரியாமல், ஒரே சீராகப் போகின்றன அல்லவா? சைக்கிள் ஓட்ட இவ்வளவு சுகமாக இருப்பதற்குக் காரணமே அதுதான். கோப்பி மூட்டையும் பிறகு தேயிலைப் பெட்டியும் வண்டியில் இறங்க வேண்டும் என்பதற்காக அப்படி வெட்டினார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த மலைகளில் மண்ணை வெட்டியவர்கள், கல்லை உடைத்தவர்கள், ரோட்டோரக் கல்கட்டை அடுக்கியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியிலேயே எத்தனையோ பேர் மடிந்தார்கள். அதை நினைவுகூரத்தான் 2023இல் ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்கள்.

இன்று அதே பழைய தோட்டப் பாதைகளை இணைத்து 'பெக்கோ டிரெயில்' என்று உலகத்துக்கு அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கு மேல். நடப்பதற்காகப் போடப்பட்டாலும் சில பகுதிகளில் சைக்கிளும் போகிறது. நல்லது. ஆனால் பாதைக்கு மதிப்பு வந்த அளவுக்குப் பாதையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு மதிப்பு வந்ததா என்று கேட்பது சங்கத்தின் வேலை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 2024இல் சம்பள நிர்ணய சபை மூலம் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தச் சம்பளத்தில் மாதம் 25 நாள் முழுப் பேர் விழுந்தாலும் 33,750 ரூபாதான் வந்தது. வருடத்துக்கு 405,000 ரூபா. வாசலில் நிற்கிற சைக்கிள்களின் விலை உங்களுக்குத் தெரியும். உங்களை வெட்கப்படுத்த இதைச் சொல்லவில்லை. உழைத்து வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் இந்த இரண்டு கணக்கும் ஒரே ரோட்டில் எதிரெதிராக வருகின்றன என்பதை மறக்கக் கூடாது.

மலைச் சைக்கிள் விளையாட்டு பிறந்த கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் என்ற மாவட்டத்தில், சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களைத் திருத்தி, காட்டுத்தீ அணைக்கப் போட்ட மண் ரோட்டுகளில் மலையிலிருந்து இறங்கினார்கள். 1996இல் அது ஒலிம்பிக் வரை போனது. அங்கே அந்த மண் ரோட்டில் யாரும் குடியிருக்கவில்லை. இங்கே உங்கள் பாதை லயத்து வாசலால் போகிறது. பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் போகிறது. கொழுந்து நிறுக்கிற இடத்தைக் கடந்து போகிறது.

சரி, ரோட்டு ஏன் இப்படிக் கெட்டது? மலையில் ரோட்டைக் கொல்வது தண்ணீர். ரோட்டோரக் கானை வெட்டித் துப்புரவாக வைத்திருந்தால் தண்ணீர் கானில் போகும். கான் அடைத்தால் தண்ணீர் ரோட்டில் ஓடும். ஒரு மழைக்காலத்தில் வாய்க்கால் விழும், அடுத்ததில் மதகு இடியும். முன்பு கான் வெட்ட ஆள் போட்டார்கள். இப்போது எங்கள் பக்கம் அந்த வேலைக்குப் பேர் போடுவது அரிது.

"பிரதேச சபை செய்யலாமே" என்பீர்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில், 33ஆம் பிரிவு அதற்குக் குறுக்கே நின்றது. நாங்கள் வாக்களித்துச் சபைக்கு ஆள் அனுப்பலாம், ஆனால் சபைக் காசு தோட்டத்து ரோட்டுக்கு வராது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது கேட்க வழி இருக்கிறது. 2025 மே 6இல் புதிய சபைகளுக்குத் தேர்தலும் நடந்தது. கதவு திறந்திருக்கிறது, தட்டத்தான் ஆள் வேண்டும்.

இங்கேதான் உங்கள் உதவி. மூன்று விஷயம் கேட்கிறேன்.

முதலாவது, ஓட்டுகிற முறை. சனிக்கிழமை உங்களுக்கு லீவு, எங்களுக்கு வேலை நாள். கொழுந்து மூட்டையோடு வருகிறவர்களைக் கண்டால் நிறுத்தி வழி விடுங்கள். மருந்து அடிக்கிற மலைக்குள் போகாதீர்கள். குளவிக் கூடு இருக்கிற மரத்தடியில் சத்தம் போடாதீர்கள், ட்ரோன் விடாதீர்கள். கலைந்த குளவி உங்களையும் துரத்தும், மலையில் நிற்கிற பெண்களையும் கொட்டும். மழை பெய்த ரோட்டில் பின் பிரேக்கை இறுக்கி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தத் தடத்தில்தான் அடுத்த மழைத் தண்ணீர் ஓடும். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

இரண்டாவது, காசு. வழிகாட்ட எங்கள் தோட்டத்துப் பையனையோ பிள்ளையையோ வைத்துக்கொள்ளுங்கள், பேசிய கூலியைக் கொடுங்கள். தேத்தண்ணியும் ரொட்டியும் லயத்தில் சொல்லிச் செய்வித்துச் சாப்பிடுங்கள், விலை கேட்டுக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு டொபி வீசாதீர்கள். என் வகுப்பில் கையேந்தப் பழகிய பிள்ளை வேண்டாம், சைக்கிள் திருத்தத் தெரிந்த பிள்ளை வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். நீங்கள் போகிற ஒவ்வொரு பாதையும் உங்கள் போனில் பதிவாகிறது. எத்தனை கிலோமீற்றர், எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் எல்லாம் இருக்கிறது. இடிந்த மதகையும் அடைந்த கானையும் படம் எடுத்து, இடத்தோடு எங்கள் தோட்டக் கமிட்டிக்குக் கொடுங்கள். என் மாணவர்கள் எங்கள் ரோட்டின் குழிகளை எண்ணப் போனார்கள். ஒரு பாட நேரம் போதவில்லை. அந்தக் கொப்பியும் உங்கள் படமும் சேர்ந்தால், பிரதேச சபைக்கு நாங்கள் கொடுக்கிற மகஜரை யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

தோட்டத்திலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சைக்கிள்காரர் வந்தால் வேடிக்கை பார்த்துவிட்டு விடாதீர்கள். "வெளியாட்கள்" என்று முகத்தைத் திருப்பவும் வேண்டாம். கமிட்டியில் பேசி, யார் வழிகாட்டுவது, எவ்வளவு கூலி, எந்த மலைக்குள் போகக் கூடாது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நாம் முடிவு செய்யாவிட்டால் ஹோட்டல்காரர் முடிவு செய்வார். அப்போது நமக்கு மிஞ்சுவது கை காட்டி நிற்கிற வேலை மட்டும்தான்.

அந்த மதகு இன்னும் கட்டப்படவில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு, கை முறிந்த தம்பியும் அவர் குழுவும் எங்கள் தோட்டத்துக்கு வருகிறார்கள். இந்த முறை சைக்கிளில் இறங்க முதல், மாணவர்களோடு ரோட்டை நடந்து அளக்கப் போகிறோம். மருமகளைத் தூக்கிய அந்த அக்காதான் முன்னால் நடப்பார். மகஜரில் முதல் கையெழுத்தும் அவருடையது.

வரக்கூடியவர்கள் வாருங்கள்.