பயம் பற்களில் இல்லை

(பழைய திகில் படங்கள் குறித்து நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டார். “இன்றைக்குக் கணினியில் எதை வேண்டுமானாலும் காட்ட முடிகிறது. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை ரத்தக் காட்டேரியைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா?” என்றார். நான் பயந்திருக்கிறேன். அந்த அனுபவத்தைச் சொல்லித்தான் என் பேச்சைத் தொடங்க வேண்டும்.

தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு நாள் மதியம், விரிவுரையாளர் எங்களுக்கு ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மானிய ஊமைப்படத்தைப் போட்டுக் காட்டினார். 1922-இல் முர்னாவ் இயக்கிய படம். முதல் பத்து நிமிடம் வகுப்பே சிரித்தது. பிறகு ஒரு காட்சி வந்தது. கோட்டையில் தங்கியிருக்கும் இளைஞன் இரவில் அறைக் கதவைத் திறந்து பார்க்கிறான். தூரத்தில் ஓர் உருவம் நிற்கிறது. ஓடி வரவில்லை, கையைத் தூக்கவில்லை. சும்மா நிற்கிறது. அப்புறம் பார்த்தால் வாசற்படியில் நிற்கிறது. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று இரவு விடுதியில் விளக்கை அணைக்காமல் தூங்கியவர்களில் நானும் ஒருத்தி.

அந்த வேடத்தில் நடித்தவர் மாக்ஸ் ஷ்ரெக். மொட்டைத் தலை, கூரிய காது, நீண்ட நகம் என்று ஒப்பனை இருந்தது உண்மைதான். ஆனால், அந்த ஒப்பனையைப் பார்த்துத்தானே முதலில் சிரித்தோம்? பயமுறுத்தியது அவர் உடம்பை வைத்திருந்த விதம். தோள்களை ஒடுக்கி, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறார். கப்பலில் சவப்பெட்டியில் இருந்து எழும்போது முதுகை வளைக்காமல், பலகையைத் தூக்கி நிறுத்தியதுபோல் எழுகிறார். மனிதன் அப்படி எழ மாட்டான் என்று நம் உடம்புக்குத் தெரியும். அதனால்தான் நமக்கு முதுகு சில்லிடுகிறது. கடைசிப் பகுதியில் அவர் நிழல் மட்டும் படியேறுகிறது. நிழல் கை பெண்ணின் மார்பின் மேல் விழுந்து இதயத்தை இறுக்கிப் பிடிக்கிறது. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

அடுத்தது 1931-இல் அமெரிக்காவில் டாட் பிரவுனிங் இயக்கிய ‘டிராகுலா’. நடித்தவர் பேலா லுகோசி, ஹங்கேரியக்காரர். 1927-இல் இருந்தே நியூயார்க் நாடக மேடையில் அந்த வேடத்தைப் போட்டுப் பழகியவர். ஒரு தகவல் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்தப் படம் முழுக்க டிராகுலாவின் கோரைப்பல்லை ஒரு தடவைகூடக் காட்டவில்லை!

அப்படியானால் எதைக் காட்டினார்கள்? கண்ணைக் காட்டினார்கள். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் மெல்லிய ஒளிக்கற்றையை லுகோசியின் கண்களில் மட்டும் பாய்ச்சினார். ஆங்கிலம் லுகோசிக்குத் தாய்மொழி அல்ல. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, எடை போட்டு உச்சரித்தார். அவர் நிறுத்தும் அந்த இடைவெளியில், அடுத்து என்ன செய்யப்போகிறாரோ என்று நமக்குப் பதறுகிறது. பின்னணி இசையும் ஏறக்குறைய இல்லை. படியில் பெரிய சிலந்திவலை ஒன்று தொங்குகிறது. டிராகுலா அதைக் கிழிக்காமலேயே கடந்து போய்விடுகிறார். பின்னால் வரும் விருந்தாளி கைத்தடியால் அதை விலக்க வேண்டியிருக்கிறது. எத்தனை எளிமையான வேலை, எத்தனை பெரிய பயம்!

இங்கே ஓர் ஒப்பீடு இருக்கிறது. அதே அரங்க அமைப்புகளில், பகலில் ஆங்கிலக் குழுவும் இரவில் ஸ்பானிய மொழிக் குழுவும் படம் எடுத்தன. ஸ்பானியப் படத்தில் கேமரா நகர்வு இன்னும் சிறப்பு என்று விமர்சகர்கள் பலர் பாராட்டுகிறார்கள். ஆனால் அதில் டிராகுலாவாக நடித்த கார்லோஸ் வில்லாரியாஸ் கண்ணை உருட்டுகிறார், முகத்தைக் கோணுகிறார். எனக்குப் பயம் வரவில்லை. அதே கோட்டை, அதே படிக்கட்டு, அதே கதை. பயத்தை மாற்றியது நடிகர்தான்.

1958-இல் பிரிட்டனின் ஹாமர் நிறுவனப் படத்தில் கிறிஸ்டபர் லீ வந்தார். இதில் வண்ணம் உண்டு, ரத்தம் உண்டு, கோரைப்பல்லும் உண்டு. ஆனால் ஆறடிக்கும் மேல் உயரமான அந்த மனிதர் முதலில் எப்படி அறிமுகமாகிறார்? மிடுக்காகப் படியிறங்கி வந்து, விருந்தாளியை மரியாதையோடு வரவேற்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அறையைக் காட்டுகிறார். பிறகு ரத்தம் வடியும் வாயோடு அவர் பாய்ந்து வரும்போது நாம் நடுங்குவதற்குக் காரணம், அந்த முதல் மரியாதை. 1966-இல் வந்த அடுத்த படத்தில் அவருக்கு ஒரு வசனம்கூட இல்லை.

பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய நாவலில் ஒரு விதி உண்டு. வீட்டில் உள்ளவர் யாராவது முதலில் அழைத்தால்தான் டிராகுலா உள்ளே நுழைய முடியும். நல்ல நடிகர்கள் இந்த விதியைப் புரிந்துகொண்டார்கள். கோரமாக வருபவனுக்கு நாம் கதவைத் திறப்போமா? இனிக்கப் பேசி வருபவனுக்குத்தானே திறக்கிறோம்? பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் இதைச் சற்று யோசித்துப் பார்க்கலாம்.

நம் வட்டாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1957-இல் சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம் ‘பொந்தியானாக்’ என்ற மலாய்ப்படத்தை எடுத்தது. இயக்கியவர் இந்தியாவில் இருந்து வந்த பி.என்.ராவ். நடித்தவர் மரியா மெனாடோ. அந்தப் படத்தின் பிரதி இன்று கிடைக்கவில்லை. பாம்பு கடித்த கணவனைக் காப்பாற்ற விஷத்தை உறிஞ்சப் போய்த்தான் அந்தப் பெண் பொந்தியானாக்காக மாறுகிறாள் என்பது கதை. தோட்டத்தில் இருந்தபோது அதைப் பார்த்த என் பாட்டி, “பாவம்மா அந்தப் பொண்ணு, புருசனைக் காப்பாத்தப் போயி இப்படி ஆயிட்டா” என்பார். சொல்லிவிட்டு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். பரிதாபமும் பயமும் ஒன்றாக வந்தால் ஐம்பது ஆண்டானாலும் மறக்காது போலும்.

இவ்வளவையும் நான் ஏன் சொல்கிறேன்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேய்த்தொடரில் சிறு வேடம் கிடைத்தது. ஒப்பனைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினார்கள். நடிப்பு ஒத்திகைக்குப் பத்து நிமிடம்கூட இல்லை. “சத்தமாகக் கத்துங்கள், மிச்சத்தை இசையில் பார்த்துக்கொள்ளலாம்” என்றார்கள். கத்தினேன். தொடர் ஒளியேறிய அன்று என் அக்காள் மகன் தரையில் உருண்டு சிரித்தான். அவனுக்கு வயது ஏழு.

நம் உள்ளூர்க் கலைஞர்களிடம் திறமை இல்லாமல் இல்லை. ‘பட்ஜெட் இல்லை’ என்பதுதான் நாம் எப்போதும் சொல்லும் காரணம். ஷ்ரெக் அசையாமல் நின்றதற்கு என்ன செலவு? லுகோசி ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் நடுவே காத்திருந்ததற்கு என்ன செலவு? படைப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த தொடரில் ஒரே ஒரு காட்சியில் இசையை நிறுத்துங்கள். நடிகரை வாசலில் நிற்க விடுங்கள். அவர் நிற்கட்டும், நாங்கள் பயப்படுகிறோம்.